இழுக்காதீங்க, நில்லுங்க

தன்னார்வலராகப் போன முதல் நாள், நான் செய்த முதல் காரியமே தப்பாகிவிட்டது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களும் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களும் மாதம் இரண்டு சனிக்கிழமை கூடும் கூடம் அது. வாசலில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். நன்றாக நடந்து வந்தவர், கதவு நிலையை நெருங்கியதும் அப்படியே நின்றுபோனார். கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டது போலிருந்தது. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்திருந்தது. உதவத்தானே வந்திருக்கிறோம் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "வாங்க ஐயா" என்று இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. பின்னால் வந்த அவர் மனைவி தோளைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அவர் முகம் தரையில் மோதியிருக்கும்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "இழுக்காதீங்கம்மா, நில்லுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் பாதத்தை அவருடைய பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, "இதைத் தாண்டி வாங்க" என்றார். அதுவரை அசையாதிருந்த கால் உயர்ந்து அந்தப் பாதத்தைத் தாண்டியது. அதற்கப்புறம் அவர் சாதாரணமாக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவர்கள் இதை உறைந்துபோவது என்பார்கள். கூடத்துக்கு வருகிறவர்கள் "கால் ஒட்டிக்கிச்சு" என்பார்கள். வாசற்படி, குறுகலான வழி, திரும்ப வேண்டிய இடம், பின்னால் யாராவது அவசரப்படுத்தும் நேரம், இங்கெல்லாம்தான் அதிகம் வரும். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பதில்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் சில பகுதிகள் அந்த வேலையைத் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. அதற்கு டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் பார்க்கின்சனில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதால், யோசிக்காமல் நடக்கும் நடை தடைபடுகிறது. ஆனால் தாண்டுவதற்குத் தரையில் ஒரு கோடோ, காலுக்குத் துணையாக ஒரு தாளமோ கிடைத்தால் மூளை வேறு வழியாக, கவனம் வைத்து, அந்த அடியை எடுத்துவிடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் வாசலில் ஓர் அடி இடைவெளியில் குறுக்காக வண்ண நாடா ஒட்டினோம். பலருக்கு அதுவே போதுமாக இருந்தது. நாடா உதவாத இரண்டு பேருக்குப் பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினோம்.

நான் அங்கே போனதற்குக் காரணம் அப்பா. அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஒரு நாள் இரவு ஏழு மணி சுமாருக்கு அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வலது கை மரத்துப்போச்சு என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது. வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது என்பது இப்போது நினைத்துப் பார்க்கும்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. களைப்பு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நாங்களே முடிவு செய்து படுக்க வைத்தோம். காலை ஆறு மணிக்கு அவரால் எழ முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

பதினொரு மணி நேரம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியானது. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்கு, ஸ்கேன் பார்த்து, குழாய் வழியாகக் கட்டியை எடுப்பதற்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. இதையெல்லாம் அந்த இரவுக்கு முன் யாராவது ஐந்து நிமிடம் எங்களுக்குச் சொல்லியிருந்தால், என்ற எண்ணத்தோடுதான் பெயர் கொடுக்கப் போனேன்.

அப்பா விஷயத்தில் ஓட வேண்டிய நேரத்தில் காத்திருந்தோம். அந்தப் பெரியவர் விஷயத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் ஓடினேன். இந்த ஆறு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான்.

பக்கவாதத்தைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் நான் நிறைய சொல்வதில்லை. முகம், கை, பேச்சு, நேரம், நான்கே சொற்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இறங்குகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாகக் கீழே வருகிறதா? ஒரு சின்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். திடீரென்று நடை தள்ளாடினாலும், கண் பார்வை போனாலும் அதே அவசரம்தான். கடைசியாக அவர் எப்போது சரியாக இருந்தார் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. இன்னொன்றையும் தவறாமல் சொல்வேன்: தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்கும் திறன் போயிருக்கலாம். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினையும் கொடுக்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. அப்புறம் முக்கியமானது, அறிகுறி தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். சில நிமிடத்தில் மறைந்துபோகும் அறிகுறி, பெரிதாக ஒன்று வரப்போவதன் எச்சரிக்கையாக இருக்கலாம்.

ஒரு முறை இப்படிப் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நேத்து எங்க அக்காவுக்கு இதே மாதிரி பத்து நிமிஷம் வாய் கோணிச்சு, இப்ப நல்லாத்தான் இருக்காங்க" என்றார். அன்றே கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். போனார். ஒருவர் எழுந்து கேட்ட அந்தக் கேள்விக்காகவே நூறு கூட்டம் நடத்தலாம்.

அப்பாவிடம் மிஞ்சிய சொல் 'சரி' மட்டும்தான். பசிக்கிறதா என்றால் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி, கோபத்திலும் சரி. 1861இல் பிரான்ஸில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் 'டான்' என்ற ஓர் ஒலியை மட்டுமே சொல்லக்கூடிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்கம் முன்பகுதி சிதைந்திருந்தது. அப்பாவுக்கு அடிபட்டதும் அந்தப் பக்கம்தான். இதை அஃபேசியா, பேச்சிழப்பு என்கிறார்கள். பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். வீட்டுக்கு வந்தவர்கள் அப்பா எதிரிலேயே என்னிடம், "அவருக்கு நாம சொல்றது புரியுதா?" என்று கேட்பார்கள். அவருக்குப் புரிந்தது. அந்தக் கேள்வியும் புரிந்தது.

பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தந்ததும் நாங்களாகக் கண்டுகொண்டதும் சேர்ந்து சில பழக்கங்கள் உருவாயின. இவற்றைத்தான் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு முதல் நாளே செய்துகாட்டுகிறேன். டிவியை அணைத்துவிடுங்கள். எதிரில், கண் மட்டத்தில் உட்காருங்கள். "எப்படி வந்தீங்க?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டால் பதிலைத் தேடும் சுமை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. "பஸ்ஸா, காரா?" என்று கேட்டு இரண்டையும் ஒரு தாளில் எழுதியோ வரைந்தோ காட்டினால் விரல் வைத்தால் போதும். வாயால் சொல்லும் ஆமாம், இல்லை இரண்டையும் நம்பிவிடக் கூடாது. அப்பாவைப் போல எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வருகிறவர்களுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவதும் தாழ்த்திக் காட்டுவதும்தான் சரியான பதில். உரக்கப் பேசத் தேவையில்லை, பழுது காதில் இல்லை. குழந்தையிடம் பேசுவதுபோல் பேசவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எதிரே பத்து நொடி மௌனமாக உட்கார்ந்து பாருங்கள். நான்காவது நொடியிலேயே நாக்கு துறுதுறுக்கும், அவர் சொல்ல வந்ததை நாமே சொல்லி முடித்துவிடத் தோன்றும். மனத்துக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். பத்துக்குப் பிறகும் வரவில்லையென்றால், "உதவட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்தால் மட்டும் உதவுவேன். இன்னொன்று எனக்கு இன்றுவரை வியப்பு: ஒரு வாக்கியம் பேச முடியாத அப்பா ஒன்றிலிருந்து பத்து வரை கடகடவென்று எண்ணுவார், பழக்கமான பாட்டை வார்த்தையோடு பாடுவார். நாள்பட்டு ஊறிப்போன வரிசைகளும் இசையும் வேறு பாதையில் வருகின்றன. அதனால் கூடத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசி இருபது நிமிடம் பாட்டுக்குத்தான். ஒரு சொல் பேசாதவர்கள் முழுப் பல்லவியையும் பாடுவார்கள். உடன் வந்த மனைவிமாரும் பிள்ளைகளும் அந்த இருபது நிமிடத்துக்காகவே வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பார்க்கின்சன் உள்ளவர்களைப் பொறுத்தவரை கை நடுக்கம் எல்லாருக்கும் தெரியும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முகமது அலி நடுங்கும் கையோடு தீபம் ஏற்றியது உலகத்துக்கே அதைக் காட்டியது. ஆனால் சிலருக்கு நடுக்கமே இருக்காது. நிறையப் பேருக்கு வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் நடை மாறுவதற்குப் பல வருடம் முன்பே வந்துவிடுகின்றன. கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். முகத்தின் தசைகள் அசைவு குறைந்து, சிரிப்பு உள்ளே இருந்தாலும் வெளியே வராது. ஒரு பெண், "நான் கோவமா இருக்கேன்னு என் பேரன் பக்கத்துலயே வரமாட்டேங்கறான்" என்று சொல்லி அழுதார். அன்றிலிருந்து முகத்தைப் பார்த்து மனநிலையை ஊகிப்பதை விட்டுவிட்டேன். வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

மாத்திரை நேரமும் அப்படித்தான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டோபமைன் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது ஒருவர் படியேறுவார். அதன் வீரியம் இறங்கும்போது அதே ஆளால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. காலையில் நன்றாக நடந்தவர் மதியம் நடக்க முடியவில்லை என்றால் நடிக்கிறார் என்று வீட்டிலேயே நினைக்கிறார்கள். கூட்டம் நடக்கும்போது மாத்திரை நேரம் வந்தால் யார் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்துவோம். அரை மணி நேரம் தள்ளிப்போனால்கூட சிலருக்கு அன்றைய நாள் முழுக்கத் தடுமாறிவிடும். ஒரு முறை அப்பாவோடு மருத்துவமனையில் இருந்தபோது, பக்கத்துப் படுக்கையில் இருந்த பார்க்கின்சன்காரருக்கு அந்த வார்டின் வழக்கமான நேரத்துக்குத்தான் மாத்திரை தந்தார்கள். இரண்டு நாளில் அவர் படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன். அதனால் பார்க்கின்சன் உள்ள எல்லாக் குடும்பத்தாரிடமும் சொல்கிறேன்: மாத்திரைப் பெயர், அளவு, மணி மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்திருங்கள், எங்கே சேர்த்தாலும் முதலில் அதைக் கையில் கொடுங்கள்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சின்னச் சின்ன விஷயங்கள். கைப்பிடி உள்ள நாற்காலிகள், ஊன்றி எழுவதற்கு. கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும். மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோய் உள்ளவர்களில் பலருக்கு உடல் சூடானால் பார்வை மங்கும், கால் தளரும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும். அவர்களுடைய களைப்பு நம்முடைய களைப்பு இல்லை, தூங்கினாலும் போகாது. வர முடியாமல் போனால் ஏன் என்று கேட்காமல் அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்வது நல்லது.

வலிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் இருந்தேன். மாணவர்களுக்கு முதலுதவி சொல்லித் தர ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வகுப்பில் எனக்குத் துணையாக வந்தவர் வலிப்பு உள்ள ஒரு இளம்பெண். நான் பேசி முடித்ததும் அவர் எழுந்து, தன் அனுபவத்தை மூன்றே நிமிடம் சொன்னார். "எனக்கு நினைவு வரும்போது முதல்ல தெரியறது என்னைச் சுத்தி நிக்கிற முகங்கள்தான். பாதிப் பேர் கையில போன். என்ன நடந்துச்சுன்னே தெரியாம, எல்லாரும் என்னையே பார்க்கறப்போ வர்ற பயம் இருக்கே, வலிப்பைவிட அதுதான் மோசம்." அதன்பின் எந்த வகுப்பிலும் நான் முதலில் பேசுவதில்லை. அவர் பேசுவார், நான் பொம்மையை வைத்துச் செய்துகாட்டுவேன்.

வலிப்பில்தான் நிற்பதும் ஓடுவதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒருவர் விழுந்து கை கால் வெட்டி இழுக்கும்போது பார்க்கிறவருக்கு ஒவ்வொரு நொடியும் ஒரு யுகம். ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும். செய்ய வேண்டியது மிகக் குறைவு. மணியைப் பாருங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் கூரான பொருள்களை நகர்த்துங்கள். முடிந்தவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். அவ்வளவுதான். வாயில் ஸ்பூனோ துணியோ விரலோ எதையும் வைக்கக் கூடாது. நாக்கை யாராலும் விழுங்க முடியாது, ஆனால் பல் உடையும், மூச்சு அடைக்கும். கை காலை அமுக்கிப் பிடித்தால் தோள்மூட்டு விலகலாம். கையில் எதையாவது திணித்துப் பிடிக்க வைத்தாலும் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடுகின்றன. நாம் கொடுத்ததால் நின்றது என்று நினைத்துவிடுகிறோம், அதனால்தான் அந்தப் பழக்கங்கள் போகாமல் இருக்கின்றன.

ஐந்து நிமிடம் தாண்டினால் கதை வேறு. அப்போது தாமதிக்காமல் ஆம்புலன்ஸ். நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு வந்தாலும், முதல்முறை வலிப்பு என்றாலும், கர்ப்பிணியாகவோ சர்க்கரை நோய் உள்ளவராகவோ இருந்தாலும், அடிபட்டிருந்தாலும், தண்ணீருக்குள் வந்திருந்தாலும், மூச்சு சீராகாவிட்டாலும் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். மணி பார்க்காத மனிதருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். அதனால் வகுப்பில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, ஐந்து நிமிடம் ஆனதாகத் தோன்றும்போது கை தூக்கச் சொல்வேன். பலரும் இரண்டு நிமிடம் முடிவதற்குள் தூக்கிவிடுவார்கள். அந்தப் பயிற்சி நான் சொல்லும் எந்த விளக்கத்தைவிடவும் மனத்தில் தங்குகிறது.

வலிப்பு நின்ற பிறகுதான் தன்னார்வலருக்கு உண்மையான வேலை. கூட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். சிறுநீர் போயிருந்தால் ஒரு துணியால் மூடுங்கள். முழுத் தெளிவு வரும்வரை குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு வலிப்பு வந்தது, முடிந்துவிட்டது, நான் கூடவே இருக்கிறேன்" என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வீடியோ விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வலிப்பைப் படம் பிடித்தது நரம்பியல் மருத்துவருக்கு மிகவும் உதவும், எந்த வகை என்று கண்டுபிடிக்க அது பல சமயம் வழிகாட்டும். ஆனால் அதைக் கூட இருக்கும் குடும்பத்தாரோ நண்பரோ எடுத்து மருத்துவரிடம் மட்டும் காட்ட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் எடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆசிரியர்களிடம் பேசும்போது விழுந்து துடிக்காத வலிப்புகளுக்கு அதிக நேரம் ஒதுக்குகிறேன். பாடம் நடக்கும்போது சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் குழந்தை, கவனமில்லாத குழந்தை என்று பெயர் வாங்கியிருக்கும். ஒரு நாளில் அது பல முறை வரலாம். பெரியவர்களில் சிலர் உதட்டைச் சப்பிக்கொண்டு, சட்டையைப் பிசைந்துகொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் எங்கோ நடப்பார்கள். குடித்திருக்கிறார் என்று அடித்தவர்கள்கூட உண்டு. அவர்களைப் பிடித்து நிறுத்தக் கூடாது. வண்டி வரும் பக்கமோ நெருப்பின் பக்கமோ போகாமல், பக்கத்தில் நடந்து மெல்லத் திருப்பிவிட்டால் போதும்.

சொற்களைப் பற்றி ஒரு பாடம் எனக்கு நேராகவே கிடைத்தது. ஒரு நிகழ்ச்சிக்கு நான் எழுதிய சுவரொட்டியில் 'கொடிய நோய்க்கு இரையானவர்கள்' என்று இருந்தது. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் உள்ள ஒரு அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் எதுக்கும் இரையில்லம்மா. என் வீட்டுக் கணக்கெல்லாம் நான்தான் பார்க்கிறேன், ரெண்டு பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன். இதைப் பார்த்துட்டு எனக்கு யார் வேலை கொடுப்பாங்க?" என்றார். மக்கள் மனத்தைத் தொட வேண்டும் என்று எழுதிய வரி அது. அவருடைய வேலை வாய்ப்பில் போய் விழுந்தது. அன்று ஒட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். இப்போது எந்தத் துண்டுப்பிரசுரமும் அந்த நோயோடு வாழும் குறைந்தது மூன்று பேர் படித்துச் சரி என்று சொல்லாமல் அச்சுக்குப் போவதில்லை. புகைப்படமும் அப்படியே. அனுமதி கேட்பதோடு, எங்கே போடப்போகிறோம் என்பதையும் சொல்லிக் கேட்கிறோம். வலிப்பு இருப்பதை அலுவலகத்தில் சொல்லாதவர்கள், திருமணப் பேச்சு நடந்துகொண்டிருப்பவர்கள் எல்லாம் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஒரு குழுப்படம் அவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டுவிடும்.

தன்னார்வலர் மருத்துவர் இல்லை என்பதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு தாய், மகனுக்கு இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லை, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஆமாம், இல்லை எதுவும் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்துவது அடுத்தடுத்து நிற்காத வலிப்புக்குக் கொண்டுபோகலாம் என்று எச்சரித்து, அவரோடு மருத்துவரிடம் போய் உட்கார முடிந்தது. எதையும் ஒரே மாதத்தில் குணமாக்கிவிடுவோம் என்று சொல்லி வருகிறவர்களைக் கூடத்துக்குள் விடுவதில்லை. விரக்தியில் இருக்கும் குடும்பங்கள் அவர்களிடம் சேமிப்பை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தோம். ஆலோசனை, பயிற்சி, நிதியுதவி என்று எதிர்பார்த்தோம். முதல் நாள் என்னை "நில்லுங்க" என்று தடுத்த அந்த அம்மா, "ரெண்டு மணி நேரம் தூங்கணும்" என்றார். அவர் கணவர் இரவில் நாலைந்து முறை எழுவார், கனவில் கை கால் வீசுவார், அதுவும் பார்க்கின்சனில் உள்ளதுதான். அதன்பின் வாரம் ஒரு மதியம் ஒருவர் போய்ப் பெரியவரோடு உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்தோம். கேரம் ஆடினோம், செய்தித்தாள் படித்தோம். உள்ளறையில் அந்த அம்மா தூங்கினார். நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, சொன்ன நாளில் போக வேண்டும். ஆர்வத்தில் வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லி இரண்டாவது மாதம் காணாமல் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். நம்மை நம்பி ஒருவர் தூக்கத்தைத் திட்டமிட்டிருக்கிறார். மாதம் ஒரு நாள் போதும், அது தவறக் கூடாது.

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நாள் இருக்கிறது. 1817இல் இந்த நோயை விவரித்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்தநாளான ஏப்ரல் 11, வலிப்புக்கு ஊதா உடுத்தும் மார்ச் 26, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்கு மே 30, மறதிநோய்க்கு செப்டம்பர் 21, பக்கவாதத்துக்கு அக்டோபர் 29. மார்ச் 26ஐத் தொடங்கி வைத்தது 2008இல் கனடாவைச் சேர்ந்த கேசிடி மேகன் என்ற சிறுமி, அவருக்கும் வலிப்பு உண்டு. ஒரு நாள் நடைப்பயணத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். 2014இல் தலையில் பனிநீரைக் கொட்டிக்கொண்ட சவாலைப் பலரும் வெறும் விளையாட்டு என்றார்கள். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோய்க்காக அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு அதனால் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஆராய்ச்சி ஒன்று 2016இல் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டறிந்தது. ஆனால் நடைப்பயணம் முடிந்த மறுநாள் யார் எங்கே போய் எதைச் சொல்லித்தரப் போகிறோம் என்பதை அந்த நடைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். நாங்கள் அந்த நாளன்று பள்ளிகளின் பேருந்து ஓட்டுநர்கள், காவலாளிகள், கடை ஊழியர்கள் பெயர்களை வாங்கிக்கொள்வோம். வருடம் முழுக்க அவர்களைத் தேடிப் போவோம். தெருவில் ஒருவர் விழும்போது முதலில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

அப்பா இரண்டு வருடமாகக் கூடத்துக்கு வருகிறார். போன மாதம் புதிதாக ஒரு கல்லூரி மாணவன் சேர்ந்தான். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, "எப்படி வந்தீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்தது நினைவு வந்து அவசரமாகத் தாளை எடுத்தான். பஸ் ஒன்று வரைந்தான், கார் ஒன்று வரைந்தான். அப்பா இரண்டையும் பார்த்தார். விரல் வைக்கவில்லை. "சரி" என்றார், கட்டை விரல் கீழே போனது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் பேசாமல் காத்திருந்தான். எண்ணிக்கொண்டிருந்தேன், பத்து தாண்டியது, பதினைந்தும் தாண்டியது. அப்பா தாளைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் இடது கையால் வலது முழங்காலைத் தட்டினார்.

"நட," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நடந்து."